மூச்சு முட்டுவது ஆக்ஸிஜன் குறைவதால் இல்லை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடுக்குக் காரணம் ஒரு வாய்ஸ் நோட். போன வாரம் வந்தது. அனுப்பினவர் காலேஜ் முடிச்சு இப்பதான் வேலைக்குச் சேர்ந்திருக்கார். அவர் இருக்கிற அபார்ட்மெண்ட்டில் ஒரு ஸ்விம்மிங் பூல் இருக்கு. தலையை வெளியே எடுக்காமல், தண்ணிக்கு அடியிலேயே ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குப் போய்த் திரும்பி வரணும். இதுதான் நண்பர்களுக்குள்ள போட்டி. அவர் கேட்டது இது: "முங்குறதுக்கு முன்னாடி இருபது தடவை வேகவேகமா, ஆழமா மூச்சு விட்டா ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்க முடியுது ப்ரோ. உடம்புல ஆக்ஸிஜன் ஃபுல் ஆயிடுதுன்னு நினைக்கிறேன். இதை இன்னும் எப்படி இம்ப்ரூவ் பண்றது?"

பதிலை முதல்லயே சொல்லிடறேன். பண்ணாதீங்க. இன்னைக்கு சாயங்காலம் பூலுக்குப் போறதா இருந்தா, அதுக்கு முன்னாடி இந்த எபிசோடை முழுசா கேட்டுட்டுப் போங்க. நல்லா நீச்சல் தெரிஞ்ச, உடம்பில் ஒரு குறையும் இல்லாத இளைஞர்கள் சத்தமே இல்லாமல் இறந்துபோகிற வழி இது. ஏன்னு புரியணும்னா நுரையீரலிலிருந்து ரத்தம் வரைக்கும் ஒரு சுற்று போய்ட்டு வரணும். நான் டாக்டர் இல்லை, பயாலஜி படிச்சவன். அந்த அளவோடு கேளுங்க.

முதல்ல ஒரு சின்ன வேலை. உட்கார்ந்திருக்கிறவங்க மட்டும். வண்டி ஓட்டிக்கிட்டு கேட்கிறவங்க வேண்டாம். சாதாரணமா ஒரு மூச்சு இழுத்து, அப்படியே நிறுத்துங்க. பதினைஞ்சு நொடி ஒண்ணும் தெரியாது. முப்பது தாண்டும்போது தொண்டையில் ஒரு தவிப்பு. அப்புறம் வயிறு துள்ளுது, நெஞ்சு இழுக்குது. ஒரு கட்டத்துல நீங்க விடலை, உடம்பே விட்டுடுது.

அந்தத் தவிப்பு எதனால் வந்தது? நூறு பேர்கிட்ட கேட்டா பெரும்பாலானவங்க சொல்ற பதில், "ஆக்ஸிஜன் தீர்ந்துபோச்சு." இல்லை. நீங்க மூச்சை விட்ட நேரத்தில் உங்க ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஏராளமா இருந்தது. விரலில் ஆக்ஸிமீட்டர் மாட்டியிருந்தா அநேகமா 95-க்கு மேலதான் காட்டியிருக்கும். தவிப்பைக் கிளப்பினது வெளியே போக முடியாமல் ரத்தத்தில் சேர்ந்துபோன கார்பன் டை ஆக்ஸைடு.

இதை முதலில் தெளிவாக நிறுவியவர்களில் முக்கியமானவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். ஆக்ஸ்ஃபோர்டில் வேலை பார்த்த ஸ்காட்லாந்துக்காரர். 1905-இல் அவரும் ஜான் பிரீஸ்ட்லியும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, சாதாரண நிலையில் நம் மூச்சின் வேகத்தைத் தீர்மானிப்பது நுரையீரலில் இருக்கும் கார்பன் டை ஆக்ஸைடின் அளவே என்று காட்டியது. விஷவாயு எதுவாக இருந்தாலும் முதலில் தானே சுவாசித்துப் பார்க்கிற ஆள் அவர். சுரங்கத்துக்குள் கேனரிக் குருவியைக் கூண்டில் எடுத்துக்கொண்டு போகும் வழக்கத்தைக் கொண்டுவந்ததும் அவர்தான். அந்தக் குருவிக்கு அப்புறம் வருவோம்.

சரி, ஆக்ஸிஜன் எப்படிப் போகுது?

நாம் இழுக்கிற காற்றில் 21 சதவீதம் ஆக்ஸிஜன். அது மூச்சுக்குழாய் கிளை கிளையாகப் பிரிந்துபோய்க் கடைசியில் முடிகிற காற்றுப் பைகளுக்கு வருகிறது. இரண்டு நுரையீரலிலும் சேர்த்துப் பல கோடிப் பைகள். எல்லாவற்றையும் பிரித்து விரித்தால் சுமார் 70 சதுர மீட்டர். சென்னையில் ஒரு சின்ன டூ பெட்ரூம் ஃபிளாட். அந்தப் பைகளின் சுவரை ஒட்டி முடியைவிட மெல்லிய ரத்தத் தந்துகிகள். ஒரு சிவப்பணு அந்த இடத்தைக் கடக்க எடுத்துக்கொள்வது முக்கால் நொடிதான். கால் நொடியிலேயே அது ஆக்ஸிஜனை ஏற்றிக்கொண்டுவிடும். மீதி அரை நொடி கையிருப்பு. ஓடும்போது ரத்தம் வேகமாகப் பாயுமே, அப்போது அந்தக் கையிருப்பு உதவும்.

இப்போ ஒரு கணக்கு. ஆக்ஸிஜன் தண்ணீரில் சரியாகக் கரையாது. ஒரு லிட்டர் ரத்தத்தில் வெறுமனே கரைந்து போகிற ஆக்ஸிஜன் 3 மில்லி. நம் இதயம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 5 லிட்டர் ரத்தம் தள்ளுது. அஞ்சு மூணு பதினஞ்சு. ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கவே உடம்புக்கு நிமிடத்துக்கு 250 மில்லி வேணும். வெறும் 15 மில்லியை வெச்சுக்கிட்டு நாம சோபாவில்கூட உட்கார முடியாது.

அதுக்குத்தான் ஹீமோகுளோபின். அது இருப்பதால் அதே ஒரு லிட்டர் ரத்தம் 3-க்குப் பதில் 200 மில்லி ஆக்ஸிஜனைத் தூக்கிக்கொண்டு போகுது. ஒவ்வொரு ஹீமோகுளோபினிலும் நாலு இரும்பு அணுக்கள், அதனால் நாலு சீட். ஷேர் ஆட்டோ மாதிரின்னு வெச்சுக்கோங்க. காலியா நிக்கிற ஷேர் ஆட்டோவில் முதல் ஆள் ஏற யோசிப்பார். எப்போ கிளம்புமோன்னு. ஒருத்தர் உட்கார்ந்துட்டா அடுத்த ஆள் டக்குனு ஏறுவார். மூணு பேர் ஆயிட்டா நாலாவது ஆள் ஓடி வந்து ஏறுவார். ஹீமோகுளோபினும் இப்படித்தான். முதல் ஆக்ஸிஜன் ஒட்டுவது கஷ்டம். ஒட்டியதும் அந்த மூலக்கூறின் வடிவமே கொஞ்சம் மாறி, மற்ற மூன்று சீட்டும் ஏறுவதற்குத் தோதாக ஆகிவிடுகிறது. இறங்கும்போது இதுவே தலைகீழ். ஒருத்தர் இறங்கினா மற்றவங்களும் சுலபமா இறங்கலாம்.

இதனால் கிடைப்பது ஒரு வினோதமான ஏற்பாடு. வாயுக்களின் அழுத்தத்தை, பிபி சொல்கிற அதே மில்லிமீட்டர் பாதரசக் கணக்கில்தான் சொல்வார்கள். நுரையீரலில் ஆக்ஸிஜன் அழுத்தம் சுமார் 100. அப்போது 97, 98 சதவீதம் சீட் நிரம்பியிருக்கும். அழுத்தம் 100-லிருந்து 60-க்கு இறங்கினாலும் 90 சதவீதம் சீட் நிரம்பித்தான் இருக்கும். நாப்பது பங்கு போயும் பத்துக்குள்ளதான் இழப்பு. ஆனால் 60-க்குக் கீழே போனால் சரிவு செங்குத்து. 27-க்கு வந்தால் பாதி சீட் காலி. அதனால ஆக்ஸிமீட்டரில் 90-னு பார்த்துட்டு, "நூத்துக்குத் தொண்ணூறு மார்க், பரவாயில்லை"னு நினைக்கக் கூடாது. அது மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவர் முடிகிற இடம்.

இறங்குற இடத்தில் நடக்கிறதும் அழகு. ஓய்வில் இருக்கும்போது நாலு பயணியில் சராசரியாக ஒருத்தர்தான் இறங்குகிறார். மூணு பேர் அப்படியே சுத்தி வர்றாங்க. வேலை செய்கிற தசையில் கார்பன் டை ஆக்ஸைடும் அமிலமும் சூடும் அதிகம். அவை மூன்றும் ஹீமோகுளோபினின் பிடியைத் தளர்த்துகின்றன. எங்கே தேவை அதிகமோ அங்கே தானாகவே அதிகம் இறங்கும். 1904-இல் இதைக் காட்டிய குழுவின் தலைவர் கோபன்ஹேகனின் கிறிஸ்டியன் போர். அணுவுக்கு மாதிரி போட்டாரே நீல்ஸ் போர், அவருடைய அப்பா. நுரையீரல் ஆக்ஸிஜனைச் சுரப்பி மாதிரி சுரந்து ரத்தத்துக்குள் தள்ளுகிறது என்று அதே கிறிஸ்டியன் போர் கடைசி வரை நம்பினார். அது தப்பு, வெறும் அழுத்த வித்தியாசமே போதும் என்று நிரூபித்தவர்கள் அவருடைய மாணவர் ஆகஸ்ட் க்ரோவும் அவர் மனைவி மரீ க்ரோவும். குருவை மறுக்கிற அந்தக் கட்டுரைகளை 1910-இல் வெளியிட அவர்களுக்கு எவ்வளவு தயக்கம் இருந்திருக்கும்னு நான் அடிக்கடி நினைப்பேன்.

கார்பன் டை ஆக்ஸைடு கதை வேற மாதிரி. ஸ்கூலில் நமக்கு "சுத்த ரத்தம், அசுத்த ரத்தம்"னு சொல்லிக்கொடுத்தாங்க. ஆக்ஸிஜன் இருந்தா சுத்தம், கரியமில வாயு இருந்தா அசுத்தம். உண்மையில் நுரையீரலிலிருந்து வருகிற அந்தச் "சுத்த" ரத்தத்தில், லிட்டருக்கு ஆக்ஸிஜன் 200 மில்லி என்றால் கார்பன் டை ஆக்ஸைடு சுமார் 480 மில்லி. இரண்டு மடங்குக்கும் மேல! திரும்பி வருகிற ரத்தத்தில் அது 520 ஆகிறது. அந்த 40 மில்லி வித்தியாசத்தைத்தான் நாம் வெளியே விடுகிறோம். மீதி எப்பவும் உள்ளேயே இருக்கு. அது குப்பை இல்லை. ரத்தத்தின் அமிலத்தன்மையைச் சரியான இடத்தில் பிடித்து வைத்திருப்பதே அதுதான்.

எப்படின்னா, கார்பன் டை ஆக்ஸைடைத் தண்ணீரில் கரைச்சா என்ன கிடைக்கும்? சோடா. கோலி சோடா நாக்கில் சுருக்குனு பிடிக்குதே, அந்த அமிலம். ரத்தத்தில் அவ்வளவு அமிலம் இருந்தா நாம் காலி. அதனால் சிவப்பணுவுக்குள்ளே இருக்கிற ஒரு நொதி, கார்பானிக் அன்ஹைட்ரேஸ், கண் இமைக்கும் நேரத்தில் அந்த வாயுவைப் பைகார்பனேட்டாக மாற்றிவிடுகிறது. ஆப்ப சோடாவில் இருக்கிறதே, அதே பைகார்பனேட். சுமார் 70 சதவீதம் கார்பன் டை ஆக்ஸைடு இந்த வேஷத்தில்தான் பயணம் செய்கிறது. ஒரு பகுதி ஹீமோகுளோபினிலேயே ஒட்டிக்கொண்டு போகும், ஆக்ஸிஜன் சீட்டில் இல்லை, வேறு இடத்தில். கொஞ்சம் அப்படியே கரைந்து போகும். நுரையீரலுக்கு வந்ததும் அதே நொதி தலைகீழாக வேலை செய்து, வாயுவாக்கி வெளியே அனுப்புகிறது.

இப்போ அலாரத்துக்கு வருவோம். மூளைத்தண்டில் சில செல்கள் இருக்கு. அவற்றின் வேலை, சுற்றியிருக்கிற திரவம் கொஞ்சம் அமிலமாகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பது. ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு கூடினால் அங்கே அமிலம் கூடும். சாதாரணமாக அதன் அழுத்தம் 40. அது ஒரு மூணு, நாலு கூடினாலே நாம் உள்ளிழுக்கிற காற்றின் அளவு ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். அவ்வளவு நுணுக்கமான அலாரம்.

ஆக்ஸிஜனுக்கு அலாரமே இல்லையான்னு கேட்டா, இருக்கு. கழுத்தில், மூளைக்குப் போகிற தமனி பிரியும் இடத்தில், அரிசி மணி அளவில் இரண்டு உறுப்புகள். இது மாதிரியான உணரிகள் மூச்சைக் கட்டுப்படுத்துவதைக் காட்டியதற்காகத்தான் பெல்ஜியத்தின் கார்னே ஹேமன்ஸ் 1938-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு வாங்கினார். ஆனால் அந்த அலாரம் பெரிசா கத்த ஆரம்பிக்கிறது ஆக்ஸிஜன் அழுத்தம் 60-க்குக் கீழே போன பிறகுதான். அதாவது நாம் சொன்ன அந்தக் கைப்பிடிச் சுவர் முடிந்த பிறகு. அதோடு, கார்பன் டை ஆக்ஸைடு குறைவாக இருந்தால் இந்த அலாரத்தின் குரலும் கம்மிப்போகும்.

இது என்ன டிசைன்னு கோபம் வரலாம். என் புரிதல் இது: தரையில் வாழ்கிற ஒரு மிருகத்துக்கு மூச்சு தடைபட்டால் ஆக்ஸிஜன் குறைவதும் கார்பன் டை ஆக்ஸைடு கூடுவதும் எப்பவும் சேர்ந்தேதான் நடக்கும். சீக்கிரம் மாறுகிற ஒன்றைக் கவனித்தால் இன்னொன்றையும் கவனித்த மாதிரிதான். இரண்டையும் பிரித்து வைக்கும் சூழ்நிலைகள் பெரும்பாலும் மனிதன் உண்டாக்கினவை. பலூன், சுரங்கம், கேஸ் கீசர். நம்ம வாய்ஸ் நோட் தம்பியோட இருபது மூச்சும் அதில் ஒண்ணு.

அந்த இருபது மூச்சு என்ன பண்ணுதுன்னு இப்போ பாருங்க. சீட் ஏற்கெனவே 97, 98 சதவீதம் நிரம்பியிருக்கு. எவ்வளவு வேகமா மூச்சு விட்டாலும் ரத்தத்தில் ஏறக்கூடியது மீதி இரண்டு மூன்று சதவீதம்தான். நுரையீரல் காற்றில் கொஞ்சூண்டு ஆக்ஸிஜன் கூடும், அவ்வளவுதான். ஆனால் கார்பன் டை ஆக்ஸைடு? அது 40-லிருந்து 20 வரைக்கும்கூட இறங்கிடும். தம்பி நினைக்கிறது டேங்க்கை நிரப்புறோம்னு. நடக்கிறது அலாரத்தின் வயரைப் பிடுங்குறது.

இப்போ தண்ணிக்குள்ள போறார். கை கால் வேகமா வேலை செய்யுது, ஆக்ஸிஜன் கடகடன்னு செலவாகுது. கார்பன் டை ஆக்ஸைடு 20-லிருந்து மெதுவா மேலே ஏறிக்கிட்டிருக்கு. அது தவிப்பைக் கிளப்பும் அளவுக்கு, சுமார் 50-க்கு, வர இன்னும் நேரம் இருக்கு. அதுக்குள்ள ஆக்ஸிஜன் 30-ஐ நெருங்கிட்டா மூளை அணைஞ்சுடும். வலி இல்லை, தவிப்பு இல்லை, கையை ஆட்டி உதவி கேட்கிறது இல்லை. மேலே நிக்கிற நண்பனுக்கு அவர் நிதானமா நீந்துற மாதிரியே தெரியும். மயங்கிய பிறகு கார்பன் டை ஆக்ஸைடு ஏறிக்கொண்டேதான் இருக்கும். ஒரு கட்டத்தில் உடம்பு தானாக மூச்சை இழுக்கும். அங்கே இருப்பது தண்ணீர்.

முங்குறதுக்கு முன்னாடி விரல் நுனியும் உதடும் குறுகுறுன்னு, தலை லேசா, ஒரு கிக் மாதிரி இருக்கும்னும் தம்பி சொல்லியிருந்தார். அது ஆக்ஸிஜன் கிக் இல்லை. கார்பன் டை ஆக்ஸைடு குறைஞ்சா மூளைக்குப் போகிற ரத்தக்குழாய்கள் சுருங்கும். ரத்தத்தில் கால்சியத்தின் நிலை மாறுவதால் நரம்புகள் குறுகுறுக்கும். பேனிக் அட்டாக் வரும்போது கை மரத்துப்போகுதே, அதே விஷயம்தான். அப்போ பேப்பர் பையில் மூச்சு விடச் சொல்ற சினிமா வைத்தியத்தை இப்ப டாக்டர்கள் பரிந்துரைக்கிறதில்லை. பேனிக்னு நினைச்சது மாரடைப்பாகவோ ஆஸ்துமாவாகவோ இருந்தா அந்தப் பை ஆளை முடிச்சிடும்.

ஆக்ஸிஜன் குறையும்போது உள்ளே எப்படி இருக்கும்னு உயிரோடு திரும்பி வந்து எழுதின ஒருத்தர் இருக்கார். 1875 ஏப்ரல் 15. பாரிஸிலிருந்து 'ஜெனித்' என்ற பலூன் கிளம்புகிறது. மூன்று பேர்: காஸ்தோன் திஸாந்தியே, க்ரோசே-ஸ்பினெல்லி, சிவெல். இவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. முந்தின ஆண்டு, போல் பேர் என்ற உடலியல் அறிஞர் காற்றை உறிஞ்சி எடுத்த இரும்பு அறைக்குள் சிவெலும் க்ரோசே-ஸ்பினெல்லியும் உட்கார்ந்து பார்த்திருந்தார்கள். ஆக்ஸிஜனை இழுத்ததும் மங்கின பார்வையும் புத்தியும் திரும்புவதை அனுபவித்திருந்தார்கள். அதனால் பலூனில் ஆக்ஸிஜன் பைகளையும் எடுத்துக்கொண்டுதான் போனார்கள். எட்டும் தூரத்தில், தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தன.

8,000 மீட்டருக்கு மேலே போனார்கள். அங்கே காற்றழுத்தம் தரையில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு. திஸாந்தியே பிறகு எழுதியதன் சாரம் இது: கஷ்டம் எதுவும் தெரியவில்லை. மாறாக, உள்ளுக்குள் ஒரு மகிழ்ச்சி. 8,000 மீட்டர் வந்துவிட்டோம் என்று கத்த நினைக்கிறார், நாக்கு அசையவில்லை. ஆக்ஸிஜன் குழாயை எடுக்க நினைக்கிறார், கை தூக்க வரவில்லை. பிறகு மயக்கம். பலூன் தானாக இறங்கிக்கொண்டிருக்கும்போது அவர் விழித்துப் பார்த்தால், கூடையில் மற்ற இருவரும் இறந்து கிடந்தார்கள். அவருக்கும் காது கேட்காமல் போனது.

பலூனில் அவர்கள் தாராளமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். கார்பன் டை ஆக்ஸைடு வெளியே போய்க்கொண்டே இருந்தது. அதனால் அலாரம் அடிக்கவில்லை. ஆக்ஸிஜன் குறைந்தால் முதலில் மங்குவது, "ஏதோ சரியில்லையே" என்று யோசிக்க வேண்டிய மூளையே. பை பக்கத்தில் இருந்தும் பயனில்லாமல் போனதற்கு இந்த இரண்டும்தான் காரணம். பழைய கிணற்றிலோ மூடிக்கிடந்த தொட்டியிலோ இறங்கினவர் சரிந்து விழ, அவரைத் தூக்கப் போனவரும், அவரைத் தூக்கப் போன இன்னொருவரும் விழுகிற செய்தியை நாம் எத்தனை தடவை படிச்சிருக்கோம். ஆக்ஸிஜன் இல்லாத காற்றை இழுத்தால் ஓரிரு மூச்சில் நினைவு போய்விடும். "மூச்சு முட்டினா மேலே வந்துடலாம்"னு நினைச்சுத்தான் இறங்குறாங்க. முட்டாது. செப்டிக் டேங்க்கில் இதோடு ஹைட்ரஜன் சல்ஃபைடும் சேர்ந்துகொள்ளும். ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பதை 2013 சட்டம் தடை செய்திருக்கிறது. அப்படியும் இறக்குகிறார்கள்.

என் வீட்டுக் கதை ஒண்ணு. 2021 மே மாசம், கொரோனா இரண்டாவது அலை. திருச்சியில் பெரியப்பாவுக்குக் காய்ச்சல் வந்து ஆறாவது நாள். நான் அவர் வீட்டில்தான் இருந்தேன். ஈஸி சேரில் உட்கார்ந்து பேப்பர் படிச்சுக்கிட்டு, யாருக்கோ போன் போட்டு சத்தமா பேசிக்கிட்டு இருந்தார். சும்மா விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டினேன். 84.

"மெஷின் ரிப்பேர்டா," என்றார். பேட்டரி மாத்தினேன். 83. என் விரலில் மாட்டினா 98, பெரியம்மா விரலில் 97. "எனக்கு மூச்சே வாங்கலையேடா, நான் எதுக்கு ஆஸ்பத்திரிக்கு வரணும்?" என்று ஒரு மணி நேரம் சண்டை. "மூச்சு வாங்கலைங்கிறதுதான் பெரியப்பா பயமா இருக்கு"ன்னு நான் சொன்னது அவருக்குப் புரியலை. உண்மையைச் சொன்னா எனக்கே அப்போ பாதிதான் புரிஞ்சிருந்தது.

இப்போ சொல்ல முடியும். நுரையீரலின் ஒரு பகுதி திரவம் கோத்து வேலை செய்யாமல் போகிறது. மீதிப் பகுதி நல்லா இருக்கு. நல்ல பகுதி கொஞ்சம் வேகமா வேலை செய்தால் கார்பன் டை ஆக்ஸைடை மொத்தமாகவே ஈடுகட்டிவிடலாம். அது சுலபமாகக் கரையும், சுலபமாக வெளியேறும், வேகம் கூட்டினால் கூடுதலாகப் போகும். ஆக்ஸிஜனுக்கு அது முடியாது. நல்ல பகுதியைக் கடக்கிற ரத்தத்தில் நாலு சீட்டும் ஏற்கெனவே ஃபுல். ஐந்தாவது ஆளை ஏற்ற முடியாது. கெட்ட பகுதியிலிருந்து காலி சீட்டோடு வருகிற ரத்தம் இதோடு கலக்கும்போது மொத்தக் கணக்கு 84-க்கு வந்துவிடுகிறது. கார்பன் டை ஆக்ஸைடு நார்மல், அதனால் தவிப்பு இல்லை. பெரியப்பா பொய் சொல்லவில்லை. அவருடைய அலாரம்தான் அவரிடம் எதையும் சொல்லவில்லை. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துட்டு நடந்தே வீட்டுக்கு வந்தார். "அந்த டப்பா மெஷின்"னுதான் இன்னும் அதைச் சொல்வார்.

அந்த டப்பா மெஷினுக்குப் பின்னால் இருக்கும் யோசனை, ஜப்பானின் தகுவோ அஓயாகி என்ற பொறியாளர் 1970-களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தது. விரல் வழியாகச் சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் அனுப்பினால், ஆக்ஸிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் ஏறாததும் அவற்றை வேறு வேறு அளவில் உறிஞ்சும். துடிப்போடு மாறுகிற பகுதியை மட்டும் எடுத்தால் தமனி ரத்தத்தின் கணக்கு கிடைத்துவிடும். உலகமே அந்தக் கருவியைத் தேடி ஓடிய 2020 ஏப்ரலில்தான் அஓயாகி காலமானார். அதே ஆண்டு வந்த ஒரு அமெரிக்க ஆய்வு, கறுப்பின நோயாளிகளிடம் இந்தக் கருவி உண்மையைவிட அதிகமாகக் காட்டி, ஆக்ஸிஜன் குறைவைத் தவறவிடுவது வெள்ளையர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு என்று சொன்னது. கருமையான தோல் உள்ள நமக்கும் இது பொருட்படுத்த வேண்டிய செய்தி. 93-னு காட்டினா உண்மை அதைவிடக் குறைவா இருக்கலாம்னு எடுத்துக்கிறது நல்லது. நெயில் பாலிஷ், சில்லிட்ட விரல் இருந்தாலும் கணக்கு தவறும்.

இந்த மெஷின் முழுசா ஏமாறுகிற இடம் ஒண்ணு இருக்கு. வாடகை வீட்டில், கதவை அடைச்ச சின்ன பாத்ரூமில் கேஸ் கீசர் வெச்சுக் குளிக்கிறவங்க கவனிங்க. காற்றோட்டம் இல்லாத இடத்தில் எரிவாயு சரியா எரியாமல் போனால் கார்பன் மோனாக்ஸைடு வரும். நிறம் இல்லை, மணம் இல்லை. ஹீமோகுளோபினோடு அது ஒட்டிக்கொள்ளும் பற்று ஆக்ஸிஜனைப் போல 200 மடங்குக்கும் மேல். ஷேர் ஆட்டோவில் ஏறி, இறங்கவே மாட்டேன்னு உட்கார்ந்துக்கிற ஆள். அதுமட்டும் இல்லை, பக்கத்து சீட்டில் இருக்கிற ஆக்ஸிஜனையும் சீக்கிரம் இறங்க விடாது. கழுத்தில் இருக்கிற அலாரம் பார்ப்பது கரைந்திருக்கும் ஆக்ஸிஜனின் அழுத்தத்தை. அது நார்மல். கார்பன் டை ஆக்ஸைடும் நார்மல். சாதாரண ஆக்ஸிமீட்டருக்கோ கார்பன் மோனாக்ஸைடு ஏறின சீட்டும் ஆக்ஸிஜன் ஏறின சீட்டும் ஒரே மாதிரி தெரியும். 98-னு காட்டிக்கொண்டே இருக்கும். எல்லாக் காவலாளியும் ஒரே நேரத்தில் தூங்குற மாதிரி.

ஹால்டேனின் குருவி இதுக்குத்தான். சின்ன உடம்பு, வேகமான மூச்சு. மனிதனுக்கு முன்பே அது சரிந்து விழும். பிரிட்டன் சுரங்கங்களில் 1986 வரை குருவி வேலை பார்த்தது. நம்ம வீட்டில் குருவி இல்லை. அதனால் கீசரை பாத்ரூமுக்கு வெளியே வைக்கச் சொல்லி ஹவுஸ் ஓனர்கிட்ட சண்டை போடுங்க. அதுவரை ஜன்னலைத் திறந்து வெச்சு, பக்கெட்டில் தண்ணி பிடிச்சுட்டு, கீசரை அணைச்சுட்டுக் குளிங்க. ஜெனரேட்டரை வீட்டுக்குள்ள ஓட்டாதீங்க. கொடைக்கானல் குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள்ளயோ டென்ட்டுக்குள்ளயோ வெச்சுக்கிட்டு தூங்காதீங்க. ஒரே வீட்டில் இருக்கிற எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல் வந்தா அது சாப்பாட்டுக் கோளாறுன்னு படுக்காதீங்க, முதல்ல வெளியே வாங்க. வெளிக்காற்றில் அந்த வாயு பாதியாகக் குறையவே நாலு அஞ்சு மணி நேரம் ஆகும். ஆஸ்பத்திரியில் முழு ஆக்ஸிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள்.

வாய்ஸ் நோட் அனுப்பின தம்பிக்கு மறுபடியும். முங்குறதுக்கு முன்னாடி வேகமா மூச்சு விடுறதை இன்னையோட நிறுத்திடுங்க. மூச்சைப் பிடிக்கிற போட்டியே பூலில் வேண்டாம்னுதான் சொல்வேன். தனியாவோ, யாரும் பார்க்காதப்பவோ கண்டிப்பா வேண்டாம். மூச்சடக்கி ஆழ்கடலில் டைவ் பண்ற அனுபவசாலிகளே கூட ஒருத்தர் இல்லாம தண்ணியில் இறங்க மாட்டாங்க. அந்தக் கூட இருக்கிறவர் போன் பார்த்துக்கிட்டு இருக்கக் கூடாது. தண்ணிக்கு அடியில் ஒருத்தர் அசைவில்லாம இருந்தா "விளையாடறான்"னு எண்ணிக்கிட்டு நிக்காதீங்க, உடனே தூக்குங்க. மூச்சு இல்லைன்னா முதல்ல வாயோடு வாய் வெச்சு ஊதணும், அப்புறம் நெஞ்சை அழுத்தணும், இன்னொருத்தர் 108-க்குக் கூப்பிடணும். இந்தப் பக்கத்தை உங்க பூல் குரூப்பில் போட்டுவிட்டுடுங்க. படிச்சுட்டு யாராவது "நாங்கல்லாம் பண்ணி ஒண்ணும் ஆகலையே"ன்னு சொன்னா, அவங்க கேள்வியை வாய்ஸ் நோட்டா அனுப்பச் சொல்லுங்க. அடுத்த வாரம் அதை எடுத்துக்கிறேன்.